செல்ஃபை மாற்றுவதற்கு முன்

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். நீங்களும் அண்ணியும் நலம்தானே? இங்கே குளிர் இறங்கிவிட்டது. விடியற்காலையில் மைனஸ் 15, 18 என்று போகிறது. அந்தக் குளிரில் பேட்டரியின் பலம் பாதியாகிவிடும்; எஞ்சின் ஆயிலும் இறுகிப்போகும். வேலைக்குப் போக பஸ் கிடையாது. வண்டி கிளம்பாவிட்டால் அன்றைய சம்பளம் போச்சு. அதனால் என் பழைய காரின் வயரிங் எனக்கு இப்போது மனப்பாடம்.

நம் வேன் 'டக்' என்று ஒரு சத்தத்தோடு நின்றுவிடுகிறது, செல்ஃப் மோட்டாரை (எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பும் மோட்டார்) மாற்றச் சொல்கிறார்கள் என்றீர்களே, கொஞ்சம் பொறுங்கள். என் காரும் போன வாரம் அதையேதான் செய்தது. இங்கேயும் புது செல்ஃப் போடு என்றார்கள். பேட்டரியை அளந்தேன், 12.6 வோல்ட், முழு சார்ஜ். சாவியைத் திருப்பும்போதும் 11-க்கு மேலேயே நின்றது. பேட்டரி செத்திருந்தால் 9-க்கும் கீழே விழுந்திருக்கும்.

அப்புறம் வோல்ட் மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் மைனஸ் ஈயக் குமிழிலேயே வைத்தேன் (மாட்டியிருக்கும் கிளாம்பில் அல்ல). மறுமுனை எஞ்சின் பிளாக்கின் வெறும் இரும்பில். அறை நண்பன் சாவியைத் திருப்பினான். 0.2, 0.3-க்குள் இருக்க வேண்டியது 3 வோல்ட்டைத் தாண்டியது! செல்ஃப் நூறு, இருநூறு ஆம்பியர் இழுக்கும். அவ்வளவும் எஞ்சினிலிருந்து எர்த் பட்டை (எஞ்சினை பேட்டரி மைனஸோடு இணைக்கும் செம்புப் பட்டை) வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். 3 வோல்ட் அங்கேயே தொலைகிறது என்றால் அந்த வழியில்தான் தடை. பட்டையைக் கழற்றினால், போல்ட் அடியில் பச்சை பூத்து, செம்பு இழைகள் கையோடு உதிர்ந்தன. புதுப் பட்டை போட்டு, இரும்பை உப்புத்தாளால் தேய்த்து முடுக்கினேன். அரைச் சுற்றிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது.

ஹெட்லைட் பளிச்சென்று எரிகிறதே என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். அது இழுப்பது பத்து ஆம்பியர்தான், நைந்த வயரிலும் எரியும்.

பிளஸ் பக்கமும் பாருங்கள்: சாவியைத் திருப்பும்போது பேட்டரி பிளஸ்ஸுக்கும் செல்ஃபின் பெரிய போல்ட்டுக்கும் நடுவே அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாது. பார்க்கும்போது கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டு இருக்கட்டும். பேட்டரி வயர்களைக் கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது கடைசியில். இரண்டு பக்கமும் சரியாக இருந்து அப்போதும் 'டக்'கென்றால், செல்ஃபின் கார்பன் பிரஷ்ஷோ (உள்ளே சுழலும் பாகத்துக்கு மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டு) சொலினாய்டோ (செல்ஃபுக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் காந்த ஸ்விட்ச்) தேய்ந்திருக்கும். அப்போது தாராளமாகக் கழற்றுங்கள்.

மீட்டர் எவ்வளவு காட்டியது என்று எழுதுங்கள். அம்மாவிடம் ஞாயிற்றுக்கிழமை பேசுகிறேன் என்று சொல்லுங்கள்.

அன்புத் தம்பி