இரண்டாம் பாகம் எடுக்க வருகிறவர்களுக்கு

படக்குழுவினருக்கு வணக்கம்.

உங்கள் சண்டைப் படத்தின் இரண்டாம் பாகத்தையும் குன்னூர்ப் பக்கமே எடுக்கப்போவதாகக் கேள்விப்பட்டேன். முதல் பாகத்தில் அடியாட்களாக நடித்த ஒன்பது பேரையே மறுபடியும் அனுப்பச் சொல்லி உங்கள் ஆள் வந்துபோனார். ஒன்பது பேரும் என்னிடம் கராத்தே கற்றவர்கள். பதிலை அவரிடம் சொல்லாமல் ஊரறிய எழுதுகிறேன். உங்களைப் போலச் சிறு முதலீட்டோடு மலையேறி வருகிற மற்றவர்களும் படிக்கட்டும்.

தேயிலைச் சரிவில் நாயகன் ஒருவனை உதைத்து உருட்டிவிடுவாரே, அந்தக் காட்சிக்குத் தியேட்டரில் நல்ல விசில். உருண்டவன் என் மாணவன். நீங்கள் பிடித்த இடம் கவாத்து, அதாவது தேயிலைச் செடியின் கிளைகளை வெட்டிக் குட்டையாக்கும் வேலை, முடிந்து பத்து நாள்கூட ஆகாத பகுதி. கவாத்துக் கத்தி சாய்வாக வெட்டிய தண்டைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? சீவிய மூங்கில் முனைதான். முழங்கைக்குக் கீழே குத்தி இறங்கிவிட்டது. முதலுதவிப் பெட்டி இல்லை. துண்டைச் சுற்றிக் கட்டிவிட்டு, “வெளிச்சம் போகிறது, இன்னொரு டேக்” என்றார்கள். அவனும் உருண்டான். படத்தில் இருப்பது அந்த இரண்டாவது டேக். சட்டைக் கையில் தெரிகிற சிவப்புக்கு உங்கள் ஒப்பனையாளர் பெருமை கொள்ள வேண்டாம்.

பணமில்லை என்பீர்கள். 2011இல் வந்த இந்தோனேசியப் படமான ‘தி ரெய்டு’ ஏறத்தாழ 11 லட்சம் டாலரில் முடிந்தது. ஹாலிவுட் கணக்கில் அது டீச் செலவு. கதையை ஒரே அடுக்குமாடிக் கட்டடத்துக்குள் அடைத்தார்கள். அந்த நாட்டுத் தற்காப்புக் கலையான சிலாட்டை முறையாகக் கற்ற இக்கோ உவைஸை நாயகனாக்கினார்கள். அதனால் அடி எங்கே விழுகிறது என்று பார்க்கிறவனுக்குத் தெரிகிறது. உங்கள் படத்தில் ஓர் உதைக்கு ஐந்து எடிட்டிங் வெட்டு; யார் யாரை அடித்தார் என்று எனக்கே புரியவில்லை. மூன்று நாள் ஒத்திகை வைத்திருந்தால் சாப்பாடும் பஸ் கட்டணமும்தான் செலவு.

இந்த முறை சில்வர் ஓக் மரத்துக்குத் தாவுகிற காட்சி உண்டாம். 1986இல் யூகோஸ்லாவியாவில் ஜாக்கி சான் மரத்துக்குத் தாவியபோது கிளை முறிந்து, விழுந்து, மண்டையோடு உடைந்தது. அவருக்கே அப்படி. தேயிலைக்கு நிழலுக்காக நட்ட சில்வர் ஓக் கிளையில் நான் துணிகூடக் காயப்போட மாட்டேன்.

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வராதீர்கள். வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்தால் மேட்டுப்பாளையம் சாலையும் இராது. சமவெளியிலிருந்து வருகிற நடிகர்கள் இரண்டு நாள் முன்னதாகவே வரட்டும். 1,850 மீட்டர் உயரத்தில் நான்கு உதைக்குள் மூச்சு வாங்கும்.

தடித்த பாய்கள் பத்து, தளத்திலேயே நிற்கும் ஒரு வண்டி, மூன்று நாள் ஒத்திகை. இவை இருந்தால் பையன்களை அனுப்புகிறேன், கவாத்து ஆகாத சரிவையும் நானே காட்டுகிறேன். இல்லையென்றால் ஒருவனும் வரமாட்டான் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் கையில் தழும்போடு இருப்பவன்தான் முதல் ஆளாகப் பெயர் கொடுத்திருக்கிறான்.

இப்படிக்கு,
குன்னூர்க் கராத்தே ஆசிரியர் ஒருவர்