தண்ணீர்த் திருட்டைக் காட்டும் இரவு நீரோட்டம்

ஆசிரியருக்கு,

பிரதானக் குழாயைத் துளைத்து மோட்டார் வைத்து உறிஞ்சுபவர்களைப் பிடிக்க, எப்போதாவது நடத்தும் திடீர் சோதனை போதாது. குழாய்களைப் பகுதி பகுதியாகப் பிரித்து, தண்ணீர் நுழையும் இடத்தில் மின்னணு மீட்டரும் அழுத்த சென்சாரும் பொருத்த வேண்டும். 24 மணி நேர விநியோகம் உள்ள இடங்களில், அதிகாலை 2 முதல் 4 மணி வரை வீட்டு உபயோகம் மிகக் குறைவு. அப்போது ஓடும் அளவே துப்புக் கொடுத்துவிடும். கசிவென்றால் இரவு முழுக்க ஒரே சீராக ஓடும். திருட்டென்றால் பெரும்பாலும் திடீரென ஏறிச் சட்டென இறங்கும், அழுத்தமும் கூடவே தடுமாறும்.

சரி, அப்புறம்? கருவி பகுதியைத்தான் காட்டும், எந்த வீட்டு வாசல் என்று காட்டாது. தோண்டிப் பார்க்க ஆள் வேண்டும். டேங்கர் டேங்கராக உறிஞ்சுபவர்களை விட்டுவிட்டு, இணைப்பே கிடைக்காத ஏழைகளின் குழாயை முதலில் வெட்டுவது அநியாயம். அவர்களுக்கு முறையான இணைப்பைக் கொடுங்கள்.

- ஒரு வாசகர்