குடியிருப்போர் நலச் சங்கம்: 2025–26 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, நம் நகரின் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

தெருவிளக்கு, கால்வாய் தூர்வாரல், பொங்கல் விழா எல்லாம் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். இவ்வாண்டு சங்கம் அதிகம் பாடுபட்டது, நம் தெருக்களில் தனியாக வசிக்கும் முதியவர்களுக்காக.

பிள்ளைகள் வெளியூரில், வெளிநாட்டில். பணத்துக்குக் குறைவில்லை, சாப்பாடுதான் சரியில்லை. "ஒருத்திக்காக எதுக்குப்பா அடுப்பு மூட்டணும்?" என்று பல வீடுகளில் கேட்டோம். காலையில் காபி, மதியம் மோர்சாதம், இரவு இரண்டு பிஸ்கட். சர்க்கரை மாத்திரை மட்டும் தவறுவதில்லை. வயிறு காலியாக இருக்கையில் சில மாத்திரைகளைப் போட்டால் சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடும். அதனால் அக்கம்பக்கத்து வீடுகளில் பேசி, மதியச் சமையலில் ஒரு பங்கை டிபன் கேரியரில் கொடுத்தனுப்ப ஏற்பாடு செய்தோம். வாங்கிக்கொள்ளக் கூச்சப்பட்டவர்கள்கூட இப்போது கேரியர் வரும் நேரத்துக்கு வாசலில் நிற்கிறார்கள்.

ஒரு பாட்டியின் மாத்திரை டப்பாவில் வேறுவேறு பெயரில் இரண்டு அட்டைகள். உள்ளே இருந்தது ஒரே மருந்து, ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின். இரண்டையும் போட்டுவந்ததில் கால் வீங்கி, எழுந்தாலே தலைசுற்றல். மருத்துவர் ஒன்றை நிறுத்திய பிறகு நன்றாக நடமாடுகிறார். மாத்திரை டப்பாவை மாதம் ஒருமுறை யாரிடமாவது காட்டுங்கள்.

குளியலறையில் கைப்பிடிக் கம்பி பொருத்த பிளம்பர் ஏற்பாடு செய்து தந்தோம். குளிக்கும்போது உள்தாழ்ப்பாள் போடாதீர்கள். பல வீடுகளில் பிள்ளைகள் கேமரா வைத்திருக்கிறார்கள். அம்மா விழுந்ததை அமெரிக்காவிலிருந்து பார்க்கலாம், கதவைத் திறக்க இங்கேதான் ஆள் வேண்டும். மாற்றுச் சாவி ஒன்றைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வையுங்கள்.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 முதல் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. தாயுமானவர் திட்டத்தில் ரேஷன் பொருளும் வருகிறது. 70 வயது நிரம்பியவர்களுக்கு வருமான வரம்பின்றி ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை ஆயுஷ்மான் காப்பீடு உண்டு. ஆதாருடன் அலுவலகம் வந்தால் பதிந்து தருவோம். முதியோர் உதவி எண் 14567ஐப் பெரிய எழுத்தில் அச்சிட்டு வீடுதோறும் ஒட்டியிருக்கிறோம்.

மருத்துவமனைக்குத் துணையாகச் செல்ல ஆள் போதவில்லை. அரை நாள் ஒதுக்க முடிந்த இளைஞர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுக்கவும்.

இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்