இற்றைக்கு முன்னும் அதற்கு முன்னும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் மாணவர் பக்கத்தில் 'அகோ' (ago) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு 'முன்பு' என்று பொருள் போட்டு, 'பிபோர்' (before) என்பதற்கும் அதையே போட்டிருந்தீர்கள். ரியூசன் குறிப்புகளிலும் இதே கதைதான். பிறகு சாதாரண தரப் பிள்ளை 'பிபோர் ரூ இயர்ஸ்' என்று எழுதினால் சிவப்புப் பேனையால் வெட்டுகிறோம். பிள்ளை என்ன செய்யும்?

தமிழின் 'முன்' எந்தக் காலத்திலிருந்தும் பின்னோக்கி எண்ணும். 'அகோ'வுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. சொல்கிற இந்த நேரத்திலிருந்துதான் எண்ணும். வட்டுக்கோட்டையையே எடுங்கள். யாழ்ப்பாணக் கல்லூரி 1872இல் தொடங்கியது. அதற்கு 17 ஆண்டுகளுக்கு முன், 1855இல், அங்கிருந்த அமெரிக்க மிஷனரிமாரின் செமினரி என்ற உயர்கல்விக்கூடம் மூடப்பட்டிருந்தது. இந்த 'முன்'னுக்கு 'ஏர்லியர்' அல்லது 'பிபோர்' வரவேண்டும், அதுவும் ஆண்டுக் கணக்குக்குப் பின்னால். 'செவன்ரீன் இயர்ஸ் அகோ' என்று எழுதினாலோ, இன்று உயர்தரம் படிக்கிற பிள்ளைகள் பிறந்த காலத்தில்தான் செமினரிக்குப் பூட்டுப் போட்டார்கள் என்றாகிவிடும்!

இதை விளக்கப் பெரிய இலக்கணம் தேவையில்லை. 'இற்றைக்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன்' என்று கும்பாபிஷேக மலரிலும் பாடசாலை மலரிலும் எழுதுகிறவர்கள் நாங்கள். அந்த 'இற்றைக்கு' எங்கே பொருந்துமோ அங்கே 'அகோ' வரும். 'அதற்கு முன்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் வராது. இவ்வளவு கைவசமான சொல்லை விட்டுவிட்டு வெறும் 'முன்பு' என்று ஏன் அச்சிடுகிறோம் என்பது எனக்கு விளங்கவில்லை.

சொல் நிற்கும் இடமும் தமிழ்ப் பிள்ளைக்குப் புதிதல்ல. 'இரண்டு ஆண்டுகளுக்கு முன்' என்பதுபோல் அங்கும் கணக்கு முதலில், 'அகோ' கடைசியில். அதன் வேர்ப்பொருள்கூடக் 'கடந்துபோன' என்பதுதான். நாம் 'போன கிழமை' என்கிறோமே, அதே போக்கு.

வினைச்சொல்லில் மட்டும் கவனம் வேண்டும். 'ஐ ஹாவ் சீன் ஹிம் ரூ டேய்ஸ் அகோ' என்பது பிழை. 'ஐ சோ ஹிம்' என்று சாதாரண இறந்தகாலமே வரவேண்டும். பரீட்சைத் தாள்களில் நான் அதிகம் திருத்தியது இதைத்தான்.

அடுத்த மாணவர் பக்கத்தில் இவ்விரு சொற்களையும் தனித்தனி உதாரணங்களுடன் மீண்டும் வெளியிடுங்கள். பழைய பக்கத்தை வெட்டி ஒட்டி வைத்திருக்கும் பிள்ளைகள் இருப்பார்கள்; திருத்தம் என்று தலைப்பிலேயே போட்டுவிடுங்கள்.

ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
சங்கானை.