கொழிஞ்சாம்பாறை ட்ரோன் முகாமுக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கு ட்ரோன் நிரல் எழுதக் கற்றுக்கொடுத்த முகாம் நல்லபடியாக முடிந்தது. யார் என்ன உதவி செய்தார்கள் என்பது பிள்ளைகளின் வீட்டாருக்கும் தெரிய வேண்டும்.

முதல் நன்றி, கல்யாண மண்டபத்தைத் திறந்துவிட்ட உரிமையாளருக்கு. பிள்ளைகள் ஓட்டிய டெல்லோ என்ற சின்ன ட்ரோன் பேட்டரியோடு 80 கிராம்தான். 250 கிராமுக்குள் இருப்பதால் 2021 ட்ரோன் விதிகளில் அது நானோ வகை. ஓட்டுபவருக்கு உரிமம் தேவையில்லை. ஆனால் சட்டம் விட்டாலும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வெளியில் பறக்க விடாது. அதனால்தான் மண்டபம்.

மண்டபத்துக்குள் வேறு பாடு. ட்ரோன் தன் அடிப்பக்கக் கேமராவால் தரையைப் பார்த்தே ஓரிடத்தில் நிற்கிறது. பளபளக்கும் டைல்ஸில் அடையாளம் பிடிபடாமல் நழுவும். பந்தல்கார அண்ணன் சமுக்காளம் தந்தார். நீளக்கோடு போட்ட சமுக்காளம் என்பதால் ட்ரோன் கோட்டின் போக்கிலேயே வழுக்கியது. அந்தத் திசையில் நகர்ந்தால் கேமராவுக்குப் படம் மாறுவதே இல்லை. பழைய காலண்டர் தாள்களைத் தாறுமாறாகப் பரப்பி, ட்ரோன் இறக்கைக் காற்றில் பறக்காதபடி நாலு ஓரமும் டேப் ஒட்டிய அக்காமாருக்கு நன்றி. அதன்பின் அசையாமல் நின்றது. மின்விசிறியை நிறுத்திவிட்டு, அந்த வெயில் நாளிலும் முகம் சுளிக்காமல் உட்கார்ந்திருந்த பெற்றோருக்கும்தான்.

மீன்கரை அணை மீனவர்கள் தந்த பழைய வலைதான் பிள்ளைகளுக்கும் ட்ரோனுக்கும் நடுவே தடுப்பு. வலை நூல் இறக்கையில் சுற்றினால் மோட்டார் திணறும். அதனால் வலைக்கு ஒன்றரை மீட்டர் முன்னாலேயே சாக்பீஸ் கோடு போட்டோம்.

ட்ரோனின் வைஃபையில் சேர்ந்ததும் மடிக்கணினிக்கு இணையம் போய்விடும். நிரல் எழுதும் பைத்தான் மொழிக்கு வேண்டியவற்றை முன்கூட்டியே இறக்கித் தந்த அக்ஷயா இணையச் சேவை மையத்தாருக்குக் கடமைப்பட்டிருக்கிறோம். பக்கத்து வீட்டு இன்வெர்ட்டர் இல்லாவிட்டால் மின்வெட்டில் சார்ஜ் ஏறியிருக்காது. 13 நிமிடம் பறக்கும் என்று பெட்டியில் போட்டிருந்தாலும் வகுப்புக்கு 8 நிமிடம் என்று கணக்கு வைப்பதே நல்லது. இறங்கிய பேட்டரி ஆறிய பிறகே சார்ஜில் போட வேண்டும்.

கணக்கு மாஷை, அதாவது கணக்கு ஆசிரியரை, தனியாகச் சொல்ல வேண்டும். சதுரம் எல்லாருக்கும் வந்தது: 100 செ.மீ. முன்னே, 90 பாகை திரும்பு, நான்கு முறை. முக்கோணத்துக்குப் பிள்ளைகள் 60 பாகை கொடுத்தார்கள். ட்ரோன் அறுகோணத்தின் பாதியைப் போட்டு நின்றது. மாஷ் தரையில் முக்கோணம் வரைந்து, ஒரு பிள்ளையை அதன்மேல் நடக்கவிட்டார். மூலையில் திரும்புவது வெளிக்கோணம், 120 பாகை என்று அந்தப் பிள்ளையே சொல்லிவிட்டது.

மிச்சமான இறக்கைகளும் பேட்டரிகளும் ஊர் வாசகசாலையில் இருக்கின்றன. இறக்கை மாட்டுகிறவர்கள் கோடு போட்டது எது, போடாதது எது என்று பார்த்து மாட்டுங்கள். இடம் மாறினால் கிளம்பும்போதே கவிழும். பேட்டரியைப் பாதி சார்ஜில் எடுத்து வையுங்கள், முழுதாக ஏற்றி வைத்தால் உப்பிவிடும்.

நன்றியுடன்,
முகாம் ஆசிரியர்கள்