மரத்தைத் திட்டியவருக்கும் சேர்த்து ஒரு நன்றி

எங்கள் தெருக்காரர்களுக்கும், இந்தத் தெருவில் குடியில்லாமலேயே வந்து உதவியவர்களுக்கும் வணக்கம்.

தெருமுனைத் தூங்குமூஞ்சி மரம் இன்னும் நிற்கிறது. இதை எழுத உட்கார்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. இலைகளையெல்லாம் மடித்துக்கொண்டு அது தூங்கப் போய்விட்டது. போன வருடம் இதே நாட்களில் அதன் அடிமரத்தில் சிவப்பு பெயிண்டில் ஒரு பெருக்கல் குறி இருந்தது. வெட்டப்போகிற மரம் என்று அர்த்தம். இப்போது அந்தக் குறியை உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

முதல் நன்றி, மரத்தை வெட்டியே ஆகவேண்டும் என்று மனுக் கொடுத்த எதிர்வீட்டு ஐயாவுக்கு. கிண்டல் இல்லை, நிஜமாகத்தான். காற்றடித்த ஒரு ராத்திரியில் பெரிய கொப்பு ஒன்று முறிந்து அவர் கார்மேல் விழுந்தது. உள்ளே ஆள் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. நாங்கள் அதற்குப் பதில் சொல்லாமல், மரத்துக்கு எதிரி என்று அவருக்குப் பட்டம் கட்டினோம். நானும் கட்டினேன். இத்தனை வருடமாக அந்த நிழலில் வண்டியை நிறுத்திய ஒருவர்கூட ஒருநாளும் அண்ணாந்து பார்த்ததில்லை. பார்க்க வைத்தவர் நீங்கள்தான், ஐயா. நன்றியோடு மன்னிப்பையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து, கையில் ஒரு மரச்சுத்தியலோடு வந்து மரத்தைச் சோதித்துக் கொடுத்த அம்மாவுக்கு. காதைத் தண்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சுற்றிச் சுற்றித் தட்டினீர்கள். டொக், டொக் என்று கெட்டியாகக் கேட்டுக்கொண்டே வந்த சத்தம், மேற்குப் பக்கத்தில் ஆளுயரத்துக்குக் கொஞ்சம் மேலே மட்டும் காலிப் பானையைத் தட்டினதுபோல மாறியது. கூடி நின்ற எல்லோருக்கும் அது கேட்டது. உள்ளே பொந்து. அதற்காக மரம் போய்விட்டது என்று அர்த்தமில்லை, சுற்றிலும் எவ்வளவு கெட்டி மரம் மிச்சம் இருக்கிறது என்பதுதான் கணக்கு என்றீர்கள்.

கொப்பு முறிந்ததற்கு மரத்தின் வயதைக் காரணம் சொல்லிக்கொண்டிருந்தோம். நீங்கள் காட்டியது வேறு. பல வருடத்துக்கு முன்னால் யாரோ உச்சியை ஒரேயடியாக மொட்டையடித்திருக்கிறார்கள். வெட்டின கட்டையிலிருந்து கொத்தாகச் சிம்புகள் கிளம்பியிருக்கின்றன. இயல்பாக வளரும் கிளை, அடிமரத்துக்குள் வரைக்கும் பின்னிப் பிணைந்து நிற்கும். இந்தச் சிம்புக்கு மேல்தோலோடு மட்டும்தான் பிடிமானம். உணவுக்காக அவசரமாக உயர்ந்து கனத்தும் போகும். அப்புறம் ஒரு காற்று போதும். ஆக, அன்றைக்குக் கார்மேல் விழுந்தது பழைய வெட்டு.

இன்னொன்றும் உங்களிடம் கற்றேன். நமக்குக் காயம் பட்டால் ஆறிவிடும், மரத்துக்கு ஆறாது. கெட்ட இடத்தைச் சுற்றி உள்ளுக்குள்ளேயே சுவர் எழுப்பி அடைத்துவிட்டு, அதற்கு வெளியே புது மரத்தை வளர்த்துக்கொள்ளும். அமெரிக்காவில் அலெக்ஸ் ஷிகோ என்பவர் ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் அறுத்துப் பார்த்துச் சொன்ன விஷயம் இது. வெட்டின இடத்தில் தாரோ பெயிண்டோ பூசுவதால் அழுகல் நிற்காது என்பதும் அதே ஆராய்ச்சியில் தெரிந்ததுதான். நான் அதற்குள் ஒரு டின் பெயிண்ட் வாங்கி வைத்திருந்தேன். “கேட்டுக்கு அடிச்சிடுங்க” என்றீர்கள். எங்கள் வீட்டு கேட் ஏன் அந்த நிறத்தில் இருக்கிறது என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் விளக்கம்.

மரத்தை வெட்ட வேண்டாம் என்று எங்களுக்கு மனு எழுதித் தந்த ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு. நான் எழுதிக் கொண்டுபோன ஒன்றரைப் பக்கத்தில் ‘மரம் நமக்குத் தாய்’ தொடங்கி எல்லாவற்றையும் சிவப்பு மையில் அடித்துவிட்டார். பதிலுக்கு அவர் சேர்த்தவற்றில் ஒன்று, 1984இல் ராஜர் உல்ரிச் என்ற அமெரிக்க ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வு. பித்தப்பை அறுவை சிகிச்சை முடிந்து, ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்தபடி படுத்திருந்த 23 பேரையும், செங்கல் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்த 23 பேரையும் அவர் ஒப்பிட்டார். மரம் தெரிந்தவர்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், கடுமையான வலி மருந்தும் குறைவாகவே கேட்டார்கள். இதைவிட முக்கியமாக எனக்குப் பட்டது, ஆசிரியர் திருத்திய ஒரு வரி. ‘இனிக் கிளை விழாது’ என்று எழுதியிருந்தேன். “அப்படி யாராலயும் சொல்ல முடியாது. விழுற வாய்ப்பைக் குறைக்க என்ன செய்யப் போறோம்னு எழுது” என்றார். அந்த வரிக்காகத்தான் மனுவை மறுபடி எடுத்துப் பார்த்ததாகப் பிறகு மனுவை வாங்கிய அதிகாரியே சொன்னார். அவருக்கும் நன்றி. கிளைகளைக் கழிக்கும் வேலை நடந்த அன்று மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கடைசிவரை கூடவே நின்ற லைன்மேன் தம்பிக்கும்.

மரமேறிய அண்ணன் தம்பிக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. இடுப்பில் கயிறு, கையில் ரம்பம். முதலில் கிளையின் அடிப்பக்கத்தில் பாதிக்கும் குறைவாக ஒரு அறுப்பு. அப்புறம் அதற்குச் சற்றுத் தள்ளி மேலிருந்து ஒன்று. கிளை கீழே போகும்போது பட்டையை உரித்துக்கொண்டு போகாமலிருக்கத்தான் இந்த ஏற்பாடு. மூன்றாவதாக, மிச்சம் நிற்கிற கட்டையை, கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தில் மோதிரம்போல இருக்கும் புடைப்பைத் தொடாமல், அதற்கு வெளியே ஒட்டி அறுத்தார்கள். அந்தப் புடைப்பிலிருந்துதான் மரம் காயத்தை மூடும். “இப்படி நகம் வெட்டுற மாதிரி வெட்டினா எப்பங்க முடியறது?” என்று காலையில் அலுத்துக்கொண்ட தம்பிதான், சாயங்காலம் கீழே நின்று, “அந்த வளையத்துல ரம்பம் படுது, பாத்து!” என்று அண்ணனை அதட்டிக்கொண்டிருந்தார். ஒரே தடவையில் கால்பங்குக்கு மேல் தழையைக் கழிக்கக் கூடாது என்பதால் இரண்டு கிளைகளை அடுத்த வருடத்துக்கு விட்டு வைத்திருக்கிறோம். கண்டிப்பாக வர வேண்டும்.

அடிமரத்தை ஒட்டிப் போட்டிருந்த சிமென்ட்டை உடைத்த பையன்களுக்கு. வேர் கிணறு மாதிரி நேராக ஆழத்துக்குப் போகும் என்று நினைத்திருந்தேன். உறிஞ்சுகிற வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில்தான் இருக்கிறது, கிளைப் பரப்பையும் தாண்டிப் போகிறது. கடப்பாரையைப் போட்டால் அறுந்துபோகும் என்று கையாலேயே மண்ணைக் கிளறினீர்கள். தண்டிலிருந்து ஒரு டப்பா நிறைய ஆணியும் கிடைத்தது. எப்போதோ விளம்பரப் பலகை கட்டிய கம்பி ஒன்றைப் பட்டை முழுசாக விழுங்கிவிட்டிருந்தது. பிடுங்கினால் காயம்தான் பெரிசாகும் என்பதால், வெளியே நீட்டிக்கொண்டிருந்த முனைகளை மட்டும் நறுக்கிவிட்டோம்.

தெரு கூட்டும் அக்காவுக்கு. இப்போது சருகெல்லாம் அந்தக் குழியில்தான் விழுகிறது. நான்கு விரல் கனத்துக்குப் பரப்பி, தண்டைச் சுற்றி மட்டும் ஒரு சாண் இடம் விடுகிறார். “ஒட்டிப் போட்டா பட்டை ஊறிப் போயிடும் சார்.” யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆறு மாதம் கழித்து ஒரு கையேட்டில் அதையே படித்தேன்.

பிள்ளைகளே, உங்களையும் மறக்கவில்லை. 1.3 மீட்டர் உயரத்தில் டேப்பைச் சுற்றி எல்லா மரத்தையும் அளந்து நோட்டில் எழுதினீர்கள். அதனால்தான் சுற்றுவட்டத்தில் பாதிக்கு மேல் ஒரே இனம் என்று தெரியவந்தது. ஒரு ஊரில் ஒரே இனம் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 1990இல் ஃபிராங்க் சாண்டமோர் என்ற அமெரிக்க மர ஆராய்ச்சியாளர் ஒரு கணக்குச் சொன்னார். ஒரு பூச்சி வந்தால் தெருவே காலியாகிவிடும் என்ற பயம்தான். அதன்படிதான் இப்போது புங்கை, மகிழம், பூவரசு என்று கலந்து வைத்திருக்கிறோம். முட்டுக்கம்பில் கட்டின கயிறு ஒரு வருடத்துக்குமேல் இருந்தால் கன்றின் கழுத்தை இறுக்கிவிடும். அவிழ்க்கும் பொறுப்பு உங்களுடையது, தேதியை நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்திருக்கிறேன்.

கடைசியாக ஒரு விஷயம். வேலை நடந்த அன்று யாரோ ஒரு ஏணியையும், பச்சைப் பிடி போட்ட கத்தரிக்கோலையும் எங்கள் மாடிப்படிக்குக் கீழே விட்டுப் போயிருக்கிறீர்கள். ஏணியின் மூன்றாவது படி ஆடியது, இறுக்கி வைத்திருக்கிறேன். வந்து எடுத்துப்போங்கள்.

அன்புடன்,
பெயிண்ட் டின் வாங்கியவன்