சேகருக்கு, ஜிக் விஷயமாக

செம்மண்டலம், கடலூர்

அன்புள்ள சேகருக்கு,

உன் தங்கை வந்துவிட்டுப் போனாள். அமெரிக்காவிலிருந்து நீ கொடுத்தனுப்பிய கடிதம், ஜிக் (ஈயத் தலை வைத்த தூண்டில் முள்) பொட்டலம், சாக்லேட் எல்லாம் பத்திரமாக வந்து சேர்ந்தன. சாக்லேட்டைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை, பிள்ளைகள் என் கண்ணிலேயே காட்டவில்லை. பண்ருட்டிப் பலா இறங்கத் தொடங்கிவிட்டது. தங்கைக்கு ஒன்றை அறுத்துச் சுளையாகக் கொடுத்தனுப்பினேன். மூத்தவளுக்குப் புதுச்சேரியில் வேலை கிடைத்திருக்கிறது. காலையில் பஸ் பிடித்துப் போனால் இருட்டிய பிறகுதான் வீடு திரும்புகிறாள். அங்கேயே ஹாஸ்டலில் தங்கிக்கொள் என்றால் கேட்பதில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. மஞ்சக்குப்பத்தில் உன் பழைய வீட்டை வாங்கியவர்கள் மேலே மாடி கட்டிவிட்டார்கள். வேப்பமரத்தை வெட்டவில்லை, அதுவரைக்கும் நல்லது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். உங்கள் ஏரிகளில் இருக்கும் பாஸ் மீன் ஜிக்கைத் தட்டுவது கைக்குத் தெரிகிறது, தூண்டில் ராடைத் தூக்கினால் வெறும் முள்தான் வருகிறது என்று புலம்பியிருந்தாய். முள் மழுங்கிவிட்டதோ என்று புதிதாக வேறு வாங்கி வைத்திருக்கிறாய். நீ அனுப்பிய ஜிக்கின் முள்ளை நகத்தில் வைத்து இழுத்துப் பார்த்தேன், அப்படியே கீறிக்கொண்டு நிற்கிறது. அதில் ஒரு குறையும் இல்லை. முள் நுனிக்கு முன்னால் சாய்வாக நிற்கிறதே நைலான் குஞ்சம், உங்கள் ஊர்க்காரர்கள் வீட் கார்டு என்று சொல்வது, அதைக் கட்டை விரலால் அழுத்திப் பார். நல்ல பலம் கொடுத்தால்தான் முள் நுனி விரலில் படுகிறது. மீன் ஜிக்கை உறிஞ்சி வாயை மூடும்போது அந்தக் குஞ்சம் மடங்கினால்தான் நுனி வெளியே வரும். மடங்காவிட்டால் தாடை குஞ்சத்தின் மேலேயே வழுக்கிப் போய்விடும். ஈயத்தின் சுவை தெரிந்த மீன் அதற்குள் துப்பிவிடுகிறது.

கம்பெனிக்காரனைத் திட்டாதே. முறித்துப் போட்ட மரக்கிளைகளுக்கு நடுவே வீசுகிறவனுக்கும் சேர்த்துத்தான் அவன் செய்கிறான். குஞ்சம் அடர்த்தியாக இருந்தால் வாங்கியவன் வெட்டிக் குறைத்துக்கொள்ளலாம். மெல்லியதாக இருந்தால் வாங்கியவனால் கூட்ட முடியாது. அதனால் கடையில் வரும் நிலையில் எதுவும் நேராகத் தண்ணீருக்குப் போகிற பொருள் இல்லை என்பது என் கருத்து. வேலை நம் கையில்தான் மிச்சம் இருக்கிறது.

நீ செய்தது என்ன? நுனியைக் கத்தரித்துவிட்டேன், அப்படியும் சரியாகவில்லை என்று எழுதியிருக்கிறாய். பாலிடெக்னிக்கில் ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து என்ன செய்துகொண்டிருந்தோம் என்று யோசித்துப் பார். ஒவ்வொரு இழையும் ஒரு கான்டிலீவர். ஒரு முனை ஈயத்துக்குள் பிடிபட்டிருக்கிறது, மறுமுனை சும்மா நிற்கிறது. அதை வளைக்கத் தேவையான விசை நீளத்தின் மூன்றாம் அடுக்குக்குத் தலைகீழாக மாறும். நீளத்தைப் பாதியாக்கினால் விறைப்பு 8 மடங்கு. அவ்வளவு வேண்டாம், 20 மில்லிமீட்டர் இழையை 16 ஆக்கினாலே விறைப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். நீ கத்தரிக்கோலை எடுத்து மீனுக்குக் கதவை இன்னும் இறுக்கிச் சாத்தியிருக்கிறாய்.

இழைகளின் எண்ணிக்கை அப்படி இல்லை. மூன்றில் ஒரு பங்கு இழையை எடுத்தால் விறைப்பும் மூன்றில் ஒரு பங்குதான் குறையும். மெதுவாக, கணக்காகக் குறைக்கலாம். அதனால்தான் சொல்கிறேன், நுனியில் வெட்டுவது நீளத்தைச் சரிசெய்ய மட்டும். விறைப்பைக் குறைக்க அடியில்தான் வெட்ட வேண்டும்.

அதற்காக நுனியைத் தொடவே கூடாது என்றில்லை. குஞ்சம் முள்ளுக்கு மேலே ரொம்ப உயரமாக நின்றால், நுனி வெளியே வருவதற்கு அது மடங்க வேண்டிய தூரமும் அதிகம். முள் நுனியைத் தாண்டி 3 முதல் 5 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தால் போதும். முதலில் அந்த நீளத்துக்குக் கொண்டு வா. அப்புறம் அடியில் ஒவ்வொன்றாகக் குறை. மாற்றிச் செய்தால் இரண்டாவது வேலை முதல் வேலையைக் கெடுத்துவிடும். இழையைப் பிடித்து இழுக்காதே. அவை பசையால்தான் ஈயத்துக்குள் நிற்கின்றன. ஒன்றை இழுத்தால் பக்கத்தில் இருப்பதும் ஆட்டம் காணும். நகவெட்டியை ஈயத்தோடு ஒட்டவைத்து, இங்கொன்று அங்கொன்றாக வெட்டு. ஒரே பக்கம் வெட்டினால் குஞ்சம் சாய்ந்துவிடும். இரண்டு மூன்று வெட்டியதும் நிறுத்திக் கட்டை விரலால் அழுத்திப் பார்.

அழுத்திப் பார்ப்பதற்கு முன் ஜிக்கைக் கொஞ்ச நேரம் தண்ணீரில் ஊறப்போடு. நைலான் தண்ணீரை உறிஞ்சினால் இளகும். காய்ந்த குஞ்சத்தைப் பார்த்து வெட்டிக்கொண்டே போனால் ஏரியில் அது துவண்டு போய் நிற்கும்.

அதன்பின் மிச்சம் இருக்கிற இழைகளை விரலால் இரண்டாகப் பிரித்து இடமும் வலமும் விரித்துவிடு. நடுவில் முள் நுனிக்கு நேரே இழை குறைவாக இருக்கும், மீனின் தாடை நேராக நுனியில் படும். பக்கவாட்டில் வருகிற தண்டுகளை விரித்த இழைகள் தள்ளிவிடும். விரித்தது மறுபடி கூடிக்கொண்டால் சுடுதண்ணீரில் முக்கி, விரலால் பிடித்தபடியே பச்சைத் தண்ணீரில் விட்டு எடு. லைட்டர் பக்கம் போகாதே, நைலான் உருகிச் சுருண்டுவிடும். நான் இங்கே செய்கிற வேலைகளில் இந்த விரிப்புக்குத்தான் பலன் அதிகம். இழையைக் குறைக்கச் சோம்பேறித்தனமாக இருந்தால் இதையாவது செய்.

எவ்வளவு குறைப்பது என்பதை நீ வீசுகிற இடம்தான் சொல்லும். உன் ஏரியில் இருப்பது வேலம்பாசி என்று எழுதியிருந்தாய். அது நம்ம பக்கத்துச் செடிதான். 1950களில் மீன்தொட்டிக்காக ஃபுளோரிடாவுக்குக் கொண்டுபோனார்கள், இப்போது உங்கள் ஏரிகளை அடைத்துக்கொண்டு நிற்கிறது. (தென் அமெரிக்காவிலிருந்து வந்த ஆகாயத்தாமரை நம் ஏரிகளில் அதற்குப் பழிவாங்குகிறது.) வேலம்பாசி இளசு, ராடைச் சுண்டி ஒரு வெட்டு வெட்டி இழுத்தால் அறுந்துவிடும். அதற்குப் பாதி இழையே தாராளம். இங்கே எனக்கு அந்த வசதி இல்லை. ஏரிக்கரை ஓரமெல்லாம் நெய்வேலிக் காட்டாமணக்கு, தண்ணீருக்குள் விழுந்து கிடக்கும் சீமைக்கருவேல முள், அதற்கு அப்பால் சம்புக் கோரை. 2024 டிசம்பர் வெள்ளத்தில் எங்கிருந்தோ அடித்து வந்த மரங்கள் வேறு. அங்கே இழையை ரொம்பக் குறைத்தால் ஜிக்கை மறந்துவிட்டு வரவேண்டியதுதான். நூல் பாசி மட்டும் வேறு கதை. அதற்கு எந்தக் குஞ்சமும் உதவாது, குஞ்சத்திலேயே பாசி சுற்றிக்கொண்டு வரும். அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடு.

ஆனாலும் எல்லாப் பழியையும் குஞ்சத்தின் மேல் போடுவதற்கு முன் ஒன்றைப் பார்த்துக்கொள். தப்பிய மீன் உன் ரப்பர் இரையின் வாலை மட்டும் கடித்திருந்தால், அது முள்வரைக்கும் வரவேயில்லை. வாலைக் கொஞ்சம் குட்டையாக வெட்டிவிடு. முள்ளை ஒட்டிக் கடித்த தடம் இருந்தும் மாட்டவில்லை என்றால்தான் குஞ்சம் குற்றவாளி. நீ சொருகுகிற இரை தடிமனாக இருந்து முள்ளின் வளைவை அடைத்துக்கொண்டிருந்தாலும் மீன் மாட்டாது. அப்புறம் உன் தூண்டில் நரம்பு. தங்கூசி நரம்பு ரப்பர் மாதிரி நீளும். தூரத்தில் தட்டும் மீனுக்கு நீ கொடுக்கிற வெட்டில் பாதி அந்த நீட்சியிலேயே போய்விடும். பின்னல் நரம்பு நீளாது. பழைய மெல்லிய ராடில் தங்கூசியைத்தான் போட்டிருக்கிறாய் என்றால் குஞ்சத்தை இன்னும் குறைத்தாக வேண்டும். தடித்த ராடும் பின்னல் நரம்பும் இருந்தால் கொஞ்சம் விறைப்பாகவே விடலாம். இரண்டையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

பெருமாள் ஏரிப் பக்கம் உன் ஜிக்கை எடுத்துப் போயிருந்தேன். குத்தகைக்காரரிடம் சொல்லிவிட்டுத்தான். ஊசுட்டேரி சரணாலயமாகிவிட்டதால் அந்தப் பக்கம் தூண்டிலோடு போவதே இல்லை. அங்கே கிடைக்கும் விராலின் வாய் உன் பாஸ் மாதிரி இல்லை. எலும்பும் பல்லுமாக இருக்கும், கவ்விக்கொண்டால் உடனே விடாது. தவளை மாதிரி செய்த போலி இரை (லூர்) என்றால் ஒரு நொடி பொறுத்து வெட்டுவோம். ஜிக்கில் அந்தப் பொறுமை ஆகாது, தட்டியதும் வெட்டிவிட வேண்டும். காற்றுக் குடிக்க மேலே வந்து ஒரு 'குபுக்' விட்டுப் போகும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி இறக்கினால் எடுக்கிறது. செக்கச்செவேலென்று குஞ்சுக் கூட்டம் மேலே தெரிந்தால் மட்டும் அங்கே யாரும் வீசக்கூடாது என்று பையன்களிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். தாயும் தகப்பனும் காவலுக்கு நிற்கும், எதைப் போட்டாலும் பாயும். அது மீன்பிடியே இல்லை.

உன் பாஸ் போட்டோவைப் பார்த்துவிட்டு, இது எவ்வளவு பெரிசு வளரும் என்று கேட்டார்கள். 1932இல் ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி 22 பவுண்டு 4 அவுன்ஸில் ஒன்று பிடித்தார், கிட்டத்தட்ட 10 கிலோ என்றேன். ஒருவரும் நம்பவில்லை. விராலை அமெரிக்காவில் 2002இலேயே தீங்கு செய்யும் உயிரினப் பட்டியலில் சேர்த்து இறக்குமதியைத் தடுத்துவிட்டார்கள் என்றதும் அதைவிடப் பெரிய சிரிப்பு. இங்கே சந்தையில் விரால் விலையைக் கேட்டால் நீயே மயங்கி விழுவாய்.

இனிமேல் அனுப்புவதாக இருந்தால் 10 கிராம் எடையில் அனுப்பு, கூம்பு மூக்குத் தலையாகப் பார்த்து எடு. நரம்பு கட்டும் கண் மூக்கு நுனியில் இருப்பதுதான் செடிக்குள் நுழைந்து வருகிறது. அந்த ஃபுட்பால் தலை பாறைக் களத்துக்குத்தான் சரி, சம்பில் போட்டால் கண்ணிலேயே தழை மாட்டிக்கொள்கிறது. முள் 4/0 அளவு போதும். முள்ளைச் சுற்றித் தொங்கும் ரப்பர் பாவாடை எந்த நிறமாக இருந்தாலும் பரவாயில்லை, இங்கே கலங்கல் தண்ணீர்.

உன் ராடில் என்ன நரம்பு போட்டிருக்கிறாய் என்பதை அடுத்த கடிதத்தில் எழுது. அம்மா உன்னை விசாரித்தார்கள், வரும்போது குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள்.

அன்புடன்,
பாலு